கடைசி வாங்கு

குருநகரில் நான் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயிலில் சனங்கள் உட்காரும் நீள மர வாங்குகள் அத்தனையும் ஊர் மீன் முதலாளி ஒருவர் செய்வித்துக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் அவருடைய பெயர் இருந்தது. ஐந்து படகுகளுக்கும் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கும் சொந்தக்காரர். விரல்களில் மட்டும் பழைய தூண்டில் நூல் அறுத்த தழும்புகள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு எப்போதும் கடைசி வாங்கில், கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் இருப்பார்.

சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப்போன பணக்கார வாலிபனைப் பற்றி ஒரு ஞாயிறு சுவாமியார் பிரசங்கம் வைத்தார். இவர் குனிந்த தலை நிமிரவில்லை. பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் மழை. அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"அது உங்களுக்கில்லை அண்ணை. நீங்கள் எவ்வளவு குடுக்கிறியள்."

"குடுக்கிறன்தான். ஆனா ஒருநாளும் எனக்கு நோகேல்லை," என்றார். "அந்தப் பொடியன் துக்கப்பட்டெண்டாலும் போனவன். நான் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டிட்டு, வீட்டை போய் வயிறாரச் சாப்பிட்டிட்டுப் படுக்கிறன். அதுதான் பயமாக் கிடக்கு."

மழை விடவில்லை. தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஏறினேன். வீடு வரைக்கும் இருவரும் மீன் விலையைப் பற்றித்தான் கதைத்தோம்.