ஜன்னலில் ஒரு ரோஜா நிறம்

கூடத்திலிருந்து விசும்பல் சத்தம் கேட்டது. அறைக்குள் கத்தரிக்கோலும் கையுமாக நின்ற அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் டேப்பையே பிரிக்கல. அதுக்குள்ள என்ன அழுகை?"

"அழல மேடம், தண்ணி புரையேறிடுச்சு," என்றார் வந்தவர்.

அவர் பென்சில் கம்பெனியில் நிறம் கலப்பவர். அவருடைய புது ரோஜா நிறம் தேறினால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். தீர்ப்பு இவள் கையில்.

பத்தொன்பது ஆண்டுகளாக ஓவியர் சங்கத்துக்காக வண்ணப் பென்சில்களைச் சோதிப்பவள் அவள். ஒவ்வொன்றையும் மேஜையிலிருந்து மூன்று முறை கீழே போட்டுச் சீவிப் பார்ப்பாள். உள்ளே நொறுங்கியிருந்தால் அன்று சோறு இறங்காது. கடைசியாக, வண்ணம் தீட்டிய அட்டையில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் பதினொரு மாதம் ஒட்டிவைப்பாள். தேனிலவு விடுதியிலும் ஜன்னல் நிறைய அட்டைகள்தான். புருஷன் கடலைப் பார்க்கவில்லை, பதின்மூன்று பச்சைகளைத்தான் பார்த்தார்.

இப்போது ரோஜா அட்டையின் கறுப்புக் காகிதத்தை உரித்தாள். மூடிய பாதியும் மூடாத பாதியும் ஒரே ரோஜா! ஓடிவந்த கலவைக்காரர் அட்டையை நெஞ்சோடு அணைத்து, "தங்கமே, பொழைச்சிட்டியா!" என்று கதறினார். அவளுக்கும் கண் கலங்கியது.

கலங்கிய கண் பக்கத்து அட்டைக்குப் போனது. வெயில் பட்டதற்குச் சாட்சியாக அவள் எப்போதும் ஒட்டிவைக்கும் மட்டமான ஊதா அது. நாலே வாரத்தில் வெளுக்க வேண்டியது, கல்யாணப்பெண் மாதிரி பளபளத்தது.

"என்னங்க! ஜன்னலுக்கு வெளிய என்ன பண்ணீங்க?"

புருஷன் தரையைப் பார்த்தார். "பெட்ஷீட் காயப்போட்டேன்."

"என்னைக்கு?"

"தினமும். நீ வேலைக்குக் கெளம்பினதும் போட்டு, வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். மாசாமாசம் வந்து அழறாரு, பாவம் மனுஷன்..."

கலவைக்காரரின் அழுகை சட்டென்று நின்றது. "அப்போ என் ரோஜா வெயிலையே பாக்கலையா?"

அவள் பேனாவை எடுத்தாள். பத்தொன்பது ஆண்டில் முதல்முறையாக ஒரு பொய் எழுதத் துணிந்தாள். "தேறிடுச்சுன்னே எழுதிடறேன்."

"வேணாம் மேடம். பெட்ஷீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு பொழைச்ச நெறம் எனக்கு வேணாம். மறுபடி ஒட்டுங்க."

"உங்க வேலை?"

"போனா போகட்டும்." அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "நான் அழுதேன், ஒத்துக்கறேன். ஆனா அது தாங்காதுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. நீங்க நெனச்சிட்டீங்களே சார்!"

பையிலிருந்து பென்சிலை எடுத்து, புது அட்டையில் அழுத்தித் தீட்டி, தானே ஜன்னலில் ஒட்டினார்.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டாவது போங்களேன்," என்று புருஷன் கெஞ்சினார்.

"உங்க பேச்சு கா," என்றார் அந்த ஐம்பது வயது மனிதர். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியேறி, கதவைத் தானே சாத்திக்கொண்டு போனார்.