மச்சாளின் பதிவுத் துண்டு

எங்கள் வீட்டில் சிங்களம் சரளமாகத் தெரிந்த ஒரே பெரிய மனுஷி நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குக் கந்தோர் வேலைக்குப் போதுமான சிங்களம் வரும், ஆனால் சீருடையைக் கண்டால் அதுவும் தொண்டையோடு நின்றுவிடும். அம்மாவின் சிங்களம் மரக்கறிக் கடையோடு சரி. நானோ கீழ்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சண்டை பிடித்து வளர்ந்தவள். அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்கு மீற்றர் பார்ப்பவர் வந்தாலும் சரி, சோதனைக்குப் பொலிஸ் வந்தாலும் சரி, அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

அது சண்டைக் காலம். வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு துண்டுக் காகிதம் தருவார்கள். சோதனைக்கு வரும்போது அதைக் காட்டினால் போய்விடுவார்கள், காட்டாவிட்டால் ஆளைக் கொண்டுபோவார்கள். கொண்டுபோன சிலர் மத்தியானமே திரும்பினார்கள், சிலர் மாதக்கணக்கில் வரவில்லை. பெரியவர்கள் இதையெல்லாம் குரலைத் தாழ்த்திக் கதைக்கும்போது நானும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து மாமாவின் மகள், என் மச்சாள், வந்து எங்களோடு தங்கினாள். இருபத்திரண்டு வயது. கனடாவில் மாப்பிள்ளை, விசா வரும்வரை எங்கள் வீடு. வந்த அன்றே என் கட்டிலில் பாதி போயிற்று. ஒரு மாதத்தில் அம்மாவிலும் பாதி போயிற்று. 'மச்சாளைப் பார், எவ்வளவு பொறுப்பு' என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. அவள் எனக்குத் தலை பின்னிவிடுவாள், கணக்குச் சொல்லித் தருவாள், ஒருநாளும் சினந்தது கிடையாது. அதுதான் இன்னும் ஆத்திரம். கொஞ்சமாவது கெட்டவளாக இருந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

இடைவேளைக்குக் கட்டித் தந்த இடியப்பத்தை நான் வாய்க்காலுக்குள் கொட்டியதை ஒருநாள் அவள் கண்டுவிட்டாள். பிள்ளை பசி கிடக்கிறாளே என்ற கவலையில் அம்மாவிடம் சொல்லியும் விட்டாள். அம்மா அகப்பைக் காம்பால் இரண்டு போட்டார். அழுது முடித்துவிட்டு, மச்சாள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய கைப்பையைத் திறந்தேன். பதிவுத் துண்டை எடுத்து என் சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன். பெரிய திட்டமெல்லாம் இல்லை. அவள் துண்டைத் தேட வேண்டும், அம்மாவிடம் நல்ல ஏச்சு வாங்க வேண்டும், அந்தப் பொறுப்புக் கதை அத்தோடு நிற்க வேண்டும். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

மறுநாள் காலையே சோதனை வந்தது.

நான் பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு, பையை முதுகில் கொழுவிக்கொண்டு நின்றேன். வாசலில் ஓர் அதிகாரியும் இரண்டு பொலிஸ்காரரும். அதிகாரி அமைதியான மனிதர், என்னைத் தங்கச்சி என்ற பொருளில் 'நங்கி' என்றுதான் கூப்பிட்டார். வீட்டு ஆட்களின் பட்டியலைப் பார்த்தார், மச்சாளின் அடையாள அட்டையைப் பார்த்தார், பதிவுத் துண்டைக் கேட்டார். மச்சாள் கைப்பைக்குள் கையை விட்டாள். பிறகு பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் டிக்கட்டுகள், மாப்பிள்ளையின் படம் எல்லாம் விழுந்தன. தலையணையைத் தூக்கினாள், தன் ஆங்கிலப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அவளுக்குச் சிங்களத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது.

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் இருந்தது குஞ்சு. ஸ்டேசன் புத்தகத்திலை என்ரை பேர் இருக்கு, உங்கடை அப்பாதான் கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சவர். அதை வடிவாச் சொல்லுங்கோ குஞ்சு" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். துண்டு என் முதுகில் இருந்தது. பை அனலாய்ச் சுட்டது. எந்த நேரமும் யாராவது அதைத் திற என்று சொல்லப்போகிறார்கள் என்று பைப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நெத்திலு" என்றேன்.

இல்லையாம். அவள் சொன்ன அத்தனைக்கும் அந்த ஒரு சொல். மச்சாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பயத்தில் நாக்கு எழவில்லை என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னபோது, உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அது யாருடைய சந்தோஷம் என்று கேட்டால், என்னுடையதுதான். "உனக்கொரு பொறுப்பில்லையோ?" என்று அம்மா அவளைப் பார்த்துக் கத்தினார். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது.

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்பா செருப்பைக்கூடக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு முச்சக்கரவண்டியில் பின்னால் ஓடினார். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் இருந்து அழுதார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். மச்சாள் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்பதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். கண்ணாடியைப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. ஸ்டேசன் நடந்து போகும் தூரம். துண்டை அம்மாவின் கையில் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போனதும் அதை மச்சாளின் ஆங்கிலப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு வந்தேன்.

நாலு மணிக்கு அப்பாவோடு அவள் திரும்பி வந்தாள். ஸ்டேசன் புத்தகத்தில் பேர் இருந்ததாம், தேடி எடுக்கத்தான் அவ்வளவு நேரமாம். முகம் கழுவிவிட்டு வந்து கட்டிலில் இருந்தாள். புத்தகத்துக்கு வெளியே காகித ஓரம் தெரிந்தது. எடுத்து விரித்துப் பார்த்தாள். கதவடியில் நின்ற என்னையும் பார்த்தாள்.

"இதுக்குள்ளை கிடந்திருக்கு மாமி" என்று அம்மாவிடம் சொன்னாள். "நான்தான் வடிவாப் பாக்கேல்லை."

தப்பிவிட்டேன் என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு மச்சாள் என்னில் காட்டிய அன்பைச் சொல்லி முடியாது. கட்டிலில் யன்னல் பக்கத்தை முழுதாக எனக்கு விட்டுவிட்டு விளிம்பில் படுத்தாள். நான் மிச்சம் விட்ட சோற்றை அம்மா காணமுதல் தானே சாப்பிட்டாள். என்னைப் பற்றி ஒரு குறையும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா என்னை ஏச வாயெடுத்தால் ஓடிவந்து தடுத்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். விசா வரும்வரை இரண்டு மாதமும் இப்படித்தான்.

"மச்சாளுக்கு இப்ப என்னிலை நல்ல விருப்பம்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு தடவை சோதனை வந்தது. துண்டை இப்போது சட்டைக்குள் ஊசி குத்தி வைத்திருந்தாள். அதை எடுத்து நீட்டிவிட்டு, அவர்கள் படியிறங்கும்வரை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்கும் அவள் அதே சிரிப்பைத்தான் சிரித்தாள் என்பதும், அந்த வீட்டுக்குள் அவள் அப்படி நடந்துகொண்டது எனக்குப் பயந்துதான் என்பதும் ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.