பத்தாவது தலை

ஸ்லாவ்கா டீச்சர் ஓய்வூதியம் வாங்க ஒரே ஒரு பள்ளி ஆண்டும் ஒரே ஒரு குழந்தையும் குறைந்தன. ஆண்டு தானாக வந்துவிடும். குழந்தைதான் ஊரில் அகப்படவில்லை.

பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், டான்யூப் ஆற்றை ஒட்டிய அந்தச் சிற்றூரில் இருபத்தொன்பது வருடமாக அவர் கணக்கு வாத்தியார். வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்போது மூன்று பெஞ்சுக்கு ஒருவர், தாராளமாக. ஊரார் பிள்ளை பெறாமல் இல்லை. பெற்று, ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். அமைச்சகமோ, பிள்ளை போகும் இடத்துக்குப் பணமும் போகும் என்று அழகான விதி ஒன்றை வைத்திருந்தது. பிள்ளை எல்லை தாண்டினால் பணம் மட்டும் எல்லையில் நின்று யோசித்து, தலைநகருக்கே திரும்பிவிடும்.

செப்டம்பர் முதல் வாரம் தலைமையாசிரியர் பிளாமென் அவரைக் கூப்பிட்டார்.

"அஞ்சாம் வகுப்புல ஒம்பது பேர்தான் மேடம். பத்து இல்லேன்னா வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லேன்னா..."

"கழித்தல் எனக்குத் தெரியும் சார்."

"பதினஞ்சாந் தேதி திறப்பு விழாவுக்கு அதிகாரி வந்து தலையை எண்ணுவார். காகிதத்தை இப்பல்லாம் நம்பறதில்ல. போன வருஷம் ஒரு ஸ்கூல்ல, மாட்ரிட்ல இருக்கற பசங்களுக்குத் தினமும் வருகை போட்டிருந்தாங்களாம்."

வேலை போனால் ஆசிரியர்களுக்கென்று முன்கூட்டியே கிடைக்கும் ஓய்வூதியமும் போகும். மற்றவர்களோடு வரிசையில் நின்று இன்னும் மூன்று வருடம் காத்திருக்கலாம். அதுவரை பிழைப்புக்கு ஊரில் காலியாக இருந்தது ஒரே இடம்: பெட்ரோல் பங்கில் சாசேஜ் சூடாக்கும் வேலை.

ஆகவே, செப்டம்பர் பிறந்தால் எல்லா வாத்தியார்களும் செய்வதை அவரும் செய்தார். வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கக் கிளம்பினார்.

பழைய மாணவன் க்ரும் ஸ்பெயினிலிருந்து பதினொரு வயது மகளோடு திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முற்றத்தில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். மகள் எலித்ஸா மேசையில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்! நீங்க மூணாவது ஆளு. வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்பறோம்னு ஒரு ஸ்கூல். சூடாச் சாப்பாடு, டேப்லெட்டுன்னு இன்னொண்ணு. நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க?"

"கணக்கு."

"அது உங்ககிட்ட எப்பவும் இருக்குமே! எனக்கு ரெண்டு போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஆறுக்கு இரண்டு என்றால் தோல்வி. அதற்குக் கீழே பள்ளிக்கூடத்தில் எண்ணே கிடையாது.

"இருக்கு. அஞ்சாம் வகுப்பு, பின்னம். பேனாகூட இரவல்தான் வாங்கியிருந்தே."

"அந்தக் கோடை முழுக்க என்னை வீட்டுல பூட்டி வெச்சாங்க. மத்தவனெல்லாம் ஆத்துல குதிச்சான்." க்ரும் கரிக் கையைத் துடைத்துக்கொண்டான். "அதைப் பாஸ் ஆக்குங்க. இவ உங்க ஸ்கூலுதான்."

"நான் யாருக்கும் மார்க் தூக்கிப் போட்டதில்லடா. மேயர் மகனுக்கே ரெண்டு போட்டவ."

"தெரியுமே. அவன்தானே இப்ப மேயர்! அதான் உங்க ஸ்கூல் கூரை ஒழுகுது."

டீச்சருக்குச் சாசேஜ் வாசனை எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது.

"மறுதேர்வு வைக்கிறேன். உட்காரு."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டு. க்ரும் நாக்கைத் துருத்திக்கொண்டு மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஏழில் இரண்டு என்று எழுதினான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் செய்த அதே தப்பு, கெடாமல் அப்படியே இருந்தது. கூட்டக் கூட்ட, முதலில் இருந்ததைவிடக் குறைகிறது. அமைச்சகமும் கல்விக்கான பணத்தை இப்படித்தான் கூட்டுகிறது, அங்கே யாரும் இரண்டு வாங்குவதில்லை என்று டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு 'மூன்று, தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எலித்ஸா எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், பன்னெண்டுல ஏழுன்னுல்ல வரணும்?"

அடுப்பில் ஒரு மிளகாய் வெடித்தது.

"சில சமயம் இப்படியும் கூட்டலாம்மா."

எலித்ஸா டீச்சரின் முகத்தை ஒரு கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். க்ரும் அதற்குள் தாளைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டான்.

பதினைந்தாம் தேதி, ஊர் வழக்கப்படி வாசற்படியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த செப்புச் செம்பை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காலால் உதைத்துக் கவிழ்த்தது. தண்ணீர் ஓடுவதுபோலப் படிப்பும் தடையில்லாமல் ஓடவேண்டுமாம். அதிகாரி ஈரத்தில் ஷூ படாமல் தள்ளி நின்று, ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை எண்ணினார்.

"பத்து. சரியா இருக்கு. ஜனவரியில திரும்ப வந்து எண்ணுவேன்."

ஸ்லாவ்கா டீச்சருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பூங்கொத்து கொடுத்தார்கள். கடைசியில் வந்த எலித்ஸா டாலியாப் பூக்களை நீட்டி, நுனிக்காலில் எம்பி, காதோடு சொன்னாள்:

"எனக்கு ஆறு போடுவீங்கல்ல டீச்சர்? அந்த இன்னொரு ஸ்கூல்ல, ஜனவரிக்குள்ள எப்ப வரேன்னாலும் பஸ் அனுப்பறாங்களாம்."

டீச்சர் பூக்களை வாங்கிக்கொண்டார். கணக்கை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மாணவி இருபத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை. இவளுக்கு மார்க்கைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இருக்காது.