அத்தான் துப்பாக்கியின் கடைசி எண்

பெர்த் நகரில் பழம்பொருள் ஏலக்கடை ஒன்றில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. இப்போது பர்மாவுக்கே திரும்பி, பசுந்தாங்கில் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறேன். லைங் தாயா பக்கத்துத் தையல் கம்பெனிகளிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் என் கண் முதலில் ஸ்க்ரூ தலைக்குத்தான் போகும். திருப்புளி போடுகிற காடி சிதைந்திருந்தால் எவனோ தெரியாதவன் கைவைத்திருக்கிறான் என்று அர்த்தம். துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான்.

அக்கா பெர்த்திலேயே இருக்கிறாள். அத்தான் போன வருஷம் தவறிவிட்டார். அவரிடம் ஜெர்மன் ரைபிள் ஒன்று இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரகம். அவர் வேலை பார்த்த பண்ணையின் கிழட்டு முதலாளி கொடுத்தது. "தலையிலருந்து கால்வரைக்கும் அசல், மச்சான். ஒரே நம்பரு" என்பார். குழல், போல்ட் என்று எல்லா உறுப்பிலும் ஒரே எண் குத்தியிருந்தால்தான் அசல். அத்தான் முயலைச் சுட்டுவிட்டுப் புலி என்று சொல்கிற ஆள். யாரும் நம்பவில்லை. பகலெல்லாம் கடையில் பார்ப்பது போதாதா என்று சலித்துக்கொண்டு நானும் ஒருநாள்கூட அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

லைசென்ஸ் அவர் பெயரில். அக்கா வைத்திருக்க முடியாது. அசல் என்றால் சேகரிப்பவர் ஒருவர் அப்படியே வாங்கிப் பாதுகாப்பார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை போலீஸில் கொடுத்துவிட வேண்டும். அங்கே உருக்கிவிடுவார்கள். காசு அவளுக்குப் பொருட்டில்லை. "உங்க அத்தான் சொன்னது நெசமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுடா" என்றாள்.

வியாழக்கிழமை இங்கே கரண்ட் இல்லை. போனில் படம் வரவில்லை, விட்டு விட்டுக் குரல் மட்டும் வந்தது. நான் கேட்கக் கேட்க அவள் தடவிப் பார்த்துச் சொன்னாள். ஸ்க்ரூ காடிகள் சிதையவில்லை. கட்டை இரும்பைவிட மயிரிழை உயர்ந்து நின்றது, அதாவது யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. போல்ட் பிடியில் கருநீல மெருகு கைபட்டுக் கைபட்டு வெளுத்திருந்தது. அதைப் புதுசாக்கினால்தான் மதிப்புப் போகும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"குழல் மேல இருக்கிற நம்பரச் சொல்லு." சொன்னாள். "போல்ட்ல?" அதையும் சொன்னாள்.

பர்மாவில் பிறந்த எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பேச்சு தமிழ், எண் பர்மியம். முதல் மூன்று எண்கள் ஒத்தன. கடைசி எண் குழலில் 'குன்னிட்', ஏழு. போல்ட்டில் 'நிட்', இரண்டு.

"போல்ட் வேற துப்பாக்கியோடது. ஒட்டுப்போட்ட சாமான். குடுத்துரு" என்று எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப பொய்தான் சொன்னாகளா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை க்யிம்யிண்டைங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா யாருக்கோ போனில் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள். "குன்! குன்!" என்று கத்தினாள். ஏழு என்பதை முழுதாகச் சொன்னால் வால் மட்டும் காதில் விழுந்து இரண்டாகிவிடும். அதனால் போனில் 'குன்' என்றே இங்கே சொல்வது. அக்கா ஊரைவிட்டுப் போய் இருபது வருஷம், அவளுக்கு மறந்திருக்கும். இங்கே இருக்கிற எனக்கு என்ன கேடு?

மீனை அப்படியே விட்டுவிட்டு அழைத்தேன்.

"கிளம்பிட்டேன்டா. துப்பாக்கிப் பெட்டியோட வாசல்ல நிக்கிறேன்."

"உள்ள போய்ப் பெட்டியத் தெற. போல்ட்ல கடைசி நம்பரத் தமிழ்ல சொல்லு."

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. "ஏழு" என்றாள். "நேத்தும் அதத்தானடா சொன்னேன்?"

சந்தை நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அசல்தான்க்கா" என்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்ற?" அவள் நடந்து போவது கேட்டது. "உங்க அத்தான் படத்துக்கு முன்னாடி போனை வச்சிருக்கேன். அவுககிட்டயே சொல்லு."

மீன்காரம்மா மீனை வெட்டவா வேண்டாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே நம்பருதான், அத்தான்" என்றேன்.