டிரைவர் ரூம் சாப்பாடு

தொலைதூரப் பேருந்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிய அந்த டிரைவருக்கு டிப்போவில் வைத்த பெயர் 'இருபது நிமிஷம்'. சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியதும் பின்னால் திரும்பி, "இருபது நிமிஷம்! நல்லா சாப்பிட்டு வாங்க!" என்று அவர் போடும் சத்தத்தில், கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவரும் எழுந்து செருப்பைத் தேடுவார். அந்த 'நல்லா'வை மனிதர் மனதாரத்தான் சொன்னார். அவரைப் பற்றி என்ன குறை சொன்னாலும் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றதைக் கொண்டாட மகள் தன் புதுக் காரில் ஒரு பயணம் ஏற்பாடு செய்தாள். மூன்று நாள், மூன்று ஊர், ஊருக்கு ஒரு விருந்து. "நீங்க ஓட்டினது போதும்ப்பா. பின்னாடி உக்காந்து வேடிக்கை பாருங்க" என்றாள். அதற்குக்கூட முனகிக்கொண்டே சம்மதித்துவிட்டார். ஆனால் எங்கே சாப்பிடலாம் என்று அவள் போனில் தேட ஆரம்பித்ததும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"இந்த ரோட்டுல எனக்குத் தெரியாத ஓட்டலா? போனை உள்ள வை."

"நீங்க சொல்ற முதல் ஓட்டலுக்கு ஒன்றரை ஸ்டார்தான்ப்பா. ஒருத்தர் எழுதியிருக்கார், பஸ் நின்னுது, வேற வழியில்லாம சாப்பிட்டோம்னு."

"வேற எங்கயும் போக மனசே வரலைன்னு அர்த்தம்" என்றார் அவர்.

இந்த வாதத்தில் அவருடைய மனைவி வாயைத் திறக்கவில்லை. இருப்பதிலேயே நல்ல உடுப்பாக எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அவள் சூப் வைத்தால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த முதல் ஊர் ஓட்டல் சூப் இருக்கே..." என்பார். மீன் வறுத்தால் இரண்டாவது ஊர் வந்துவிடும். கோழி வைத்தாலோ மூன்றாவது ஊரைச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசவே மாட்டார். முகம் தெரியாத மூன்று சமையல்காரர்கள் அவளுக்கு மூன்று சக்களத்திகள். அவள் கிளம்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சக்களத்திகளை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஊரில் சூப் வந்தது. பரிமாறியவரின் கட்டைவிரலும் அதோடு வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் மிளகுத்தூளைப் போட்ட மாதிரி இருந்தது ருசி. மகள் ஒரு கரண்டி குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "சமையக்காரர் இன்னிக்கு லீவு போல" என்றார் டிரைவர். இரண்டாவது ஊரில் மீன். கரண்டி வளைந்தது, மீன் வளைந்து கொடுக்கவில்லை. "எண்ணெய்ல ஏதோ கோளாறு" என்றார். குரலில் முன்னிருந்த தெம்பு இல்லை.

காரில் ஏறியதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கா முப்பது வருஷம் என்னை அந்தப் பாடு படுத்தினீங்க? நான் வைக்கிறது பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே. என்னை மட்டம் தட்டுறதுக்கு இல்லாத ருசியையெல்லாம் கட்டி விட்டீங்களா?"

"சத்தியமா நான் சொன்னதெல்லாம் உண்மைடி."

"நாக்கு எனக்கும் இருக்கு."

முன்கோபி, மறதிக்காரர் என்று அவள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் போனவர்தான். பொய்யன் என்று மட்டும் அவள் வாயால் இதுவரை கேட்டதில்லை. மீதமிருப்பது ஒரே ஒரு ஊர். அங்கேயும் கோழி கையை விரித்துவிட்டால், இனி அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு என்ன மதிப்பு?

மூன்றாவது ஊரில் அவர் மேஜைப் பக்கமே போகவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனார். கல்லாக்காரர் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கண்ணே! என்ன இந்தப் பக்கமா வந்துட்டீங்க? வழக்கமா பக்கத்து வாசல் வழியா டிரைவர் ரூமுக்குத்தானே போவீங்க?"

"எந்த ரூமா இருந்தா என்னப்பா? எல்லாம் ஒரே சமையல்தானே?"

கல்லாக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? டிரைவர் ரூமுக்குத் தனி அடுப்பு, தனி ஆளு. உங்க வாய்க்குப் பிடிக்கலைன்னா நாளைக்கு வண்டி எதிர்க்கடையில போய் நிக்குமே. பாசஞ்சருக்கு என்ன, எதைப் போட்டாலும் சாப்பிட்டுத்தானே ஆகணும்?"

டிரைவர் அப்படியே நின்றார். இருபது நிமிடம் கழித்து வண்டி கிளம்பும்போது பின்னால் ஒரு அமைதி விழும். வயிறு நிறைந்த அமைதி என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தச் சொன்னால், அளவு தெரியாமல் சாப்பிட்டிருக்கிறார் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறார்.

"அத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள் மனைவி.

"ஓட்டுநரிடம் பேசாதீர்கள்னு என் தலைக்கு மேல எழுதிப் போட்டிருக்கே. எப்படிச் சொல்வாங்க?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "இதுவும் கதையா இருக்கலாம். அந்தக் கோழியை நான் சாப்பிட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்."

கல்லாக்காரர் கையைப் பிசைந்தார். "வண்டி கொண்டு வர்ற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மட்டும்தாண்ணே. குடும்பத்துக்குன்னு ஆரம்பிச்சா முதலாளி என் சீட்டைக் கிழிச்சிடுவார்."

டிரைவர் மகளைக் கைகாட்டினார். "வண்டி ஓட்டிட்டு வந்தது இவ. வேணும்னா லைசென்ஸைப் பாரு."

"சரி. அம்மா?"

"கண்டக்டர். இவங்க விசில் குடுக்காம எங்க வீட்டுல எதுவும் நகராது."

"அப்ப நீங்கண்ணே?"

அந்தச் சொல் வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பாசஞ்சர்" என்றார்.

கல்லாக்காரர் சிரித்துக்கொண்டே பக்கத்து வாசலைத் திறந்துவிட்டார். அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். டிரைவர் பொதுக்கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கோழி கேட்டார். வந்தது. மெல்ல மெல்ல ரப்பராக இழுத்தது. ஏதோ ஒரு பேருந்து வந்து நின்று கூடம் நிறைந்தது. எதிரே உட்கார்ந்த பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "டிரைவரைச் சொல்லணும் சார். வண்டியை நிறுத்த வேற இடமே கிடைக்கலையா அவனுக்கு?" என்றார்.

"தெரியாம நிறுத்தியிருப்பாருங்க" என்றார் டிரைவர். வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம், ஆனால் மனம் வரவில்லை. எத்தனை ஆயிரம் பேருக்கு இதை ஊட்டியிருக்கிறார்! கடைசித் துண்டு வரைக்கும் விடாமல் சாப்பிட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொய் சொல்லல" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன கோழிங்க அது! எலும்பைக்கூட விட மனசு வரல. இதைச் சாப்பிட்டுப் பழகின நாக்கை வச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்து நான் வைக்கிற கோழியையும் ஒரு நாள்கூட மிச்சம் வைக்காம சாப்பிட்டீங்களே. அது எப்படிங்க?"

பதில் சொல்ல அவருக்கு ஆசைதான். வாயில் போட்ட கடைசித் துண்டு இன்னும் இறங்கவில்லை.