ரேலீன் எழுதிய கதவு

ரேலீன் ஹாட்ரிக் வயல்லாவில் பிறந்தவர். அப்பாவுக்கு இரும்பாலையில் வேலை. பதினேழு வயதில் அடிலெய்டுக்கு வந்து, ஒரு ரயில் அலுவலகத்தில் கால அட்டவணை தட்டச்சு செய்தார். அங்கே முதல் கணினி வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். இவர் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று தடவை படித்தார். கல்லூரி என்றால் மாலை வகுப்பில் இரண்டு வருடம், அவ்வளவுதான். நான் அடிலெய்டின் தெபார்ட்டன் பகுதியில் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர் அங்கே இருபது வருடம் முடித்திருந்தார்.

ஒரே கணினிக்குள் நூறு கணினிகளை ஓட வைப்பது எங்கள் தொழில். அவற்றுக்கு அடியில் இருந்து நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல் ஹைப்பர்வைசர். மேலே ஓடும் கணினியின் மைய நிரலான கர்னல் அதை அழைத்து வேலை சொல்லும். சின்ன வேலை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் பெரிய கணினி ஒன்றைக் கலைத்து நினைவகத்தை எல்லாம் திரும்ப வாங்கச் சொன்னால், போன அழைப்பு அரை நிமிடம் ஆனாலும் திரும்பாது. அதுவரை கர்னல் யாருக்கும் பதில் சொல்லாது. செத்துவிட்டது என்று கண்காணிப்பு நிரல் அலறும். இதற்கு வழி கண்டுபிடிப்பதுதான் ரேலீனின் வேலை. வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்து, காத்திருப்பவர்களுக்கு வழி விட வேண்டும். பிறகு விட்ட இடத்தில் தொடர வேண்டும்.

போன ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பின. புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. சொற்கள்தான் தாமதமாக வந்தன. சில நேரம் கேட்ட சொல்லுக்குப் பதில் அதன் பக்கத்துச் சொல் வந்தது. எழுதினாலும் அப்படித்தான். மூன்று மாதம் வேலை பார்க்கட்டும், முடிந்தால் தொடரட்டும் என்று நிர்வாகம் சொன்னது. அந்தக் கெடு எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபரில் திரும்பி வந்த முதல் நாள், அலுவலகச் சமையலறையில் காபி கேட்க நினைத்து, "எனக்கு ஒரு சூப்பு" என்றார்.

எங்கள் குழுத் தலைவர் பிரெட் கூக்கல், "சூப்புக்குச் சர்க்கரை எத்தன போடணும் ரேலீன்?" என்றார்.

"ரெண்டு. அப்புறம் நீ... வாய... மூடு."

எல்லோரும் சிரித்தோம். ரேலீனும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொல்வதில் பாதியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் தைரியம்.

நவம்பரில் ஒரு நீண்ட அழைப்பைத் துண்டாக்கும் மாற்றத்தை நான் எழுதினேன். இன்னொருவர் பார்த்தார் என்று பெயர் போடாமல் எங்கள் மாற்றம் எதுவும் உள்ளே போகாது. ரேலீனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "திரும்பிப் பார்க்கும் முன் கதவை விடு."

என் நிரலில் கதவு என்று எதுவும் கிடையாது. பாவம், என்னவோ உளறுகிறார் என்று நினைத்தேன். ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும்வரை நிற்க வேண்டும். அவர் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும். "சரி, நன்றி" என்று எழுதிக் குறிப்பை மூடினேன். 'பார்த்தவர்: ரேலீன் ஹாட்ரிக்' என்று போட்டேன். அவர் கெடுவுக்கு உதவட்டும் என்றுதான் போட்டேன்.

அறுவடை வாரத்தில் அது உடைந்தது. தானியக் கிடங்குகளின் எடை மேடைகள் எங்கள் கணினியில்தான் ஓடின. காலை ஏழு மணியிலிருந்து மதியம்வரை ஒன்றும் அசையவில்லை. கோதுமை ஏற்றிய லாரிகள் வெயிலில் நின்றன.

பிரெட் என் நிரலைத் திறந்து காட்டினார். ஒரு பட்டியலை வேறு யாரும் தொடாதபடி கர்னல் பூட்டிக்கொள்ளும். நான் அந்தப் பூட்டை விடாமலே மற்றவர்களுக்கு வழி விட்டிருந்தேன்.

"கக்கூஸ் சாவியப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, 'நீங்க முதல்ல போங்க'ன்னு சொல்லியிருக்கடா லாக்கி" என்றார். பிறகு கடைசி வரியைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ரேலீன் பாத்தாங்களா இத? பழைய ரேலீன்னா ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிருப்பாங்களே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூடிய குறிப்பைத் திறந்து அவரிடம் காட்டினேன். "பிடிச்சிட்டாங்க பிரெட். பூட்டுன்னு எழுத நினைச்சுத்தான் கதவுன்னு எழுதியிருக்காங்க. நான்தான் கேக்கல."

பிரெட் அதைப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை.

"கதவுன்னா பூட்டுன்னு நாங்க எப்படிடா கண்டுபிடிக்கறது? ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஆள் நிக்க முடியுமா? நான் மேல இதக் காட்டினா, அவங்கள வச்சுக்க முடியாதுங்கறதுக்கு இதுவே போதும்னு சொல்லுவாங்க."

"தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க."

"சொல்றேன். நீ சின்னப் பையன், கத்துக்குவன்னு சொல்லுவாங்க."

அப்படியேதான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ரேலீன் தன் பொருட்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தவன் அவசரப்பட மாட்டான் என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார். டிராம் நிறுத்தம்வரை ரேலீனுடன் நடந்தேன். நடந்தது அத்தனையும் சொன்னேன். நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள் என்றேன்.

தலையசைத்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார், சொல் வரவில்லை. ஒரு டிராம் வந்து நின்று போயிற்று. நான் நின்றேன்.

"உன்... உனக்கு, கண்ணு... வேல... இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.