லண்டன் வீட்டுப் பொயிலரும் எங்கள் தணல்சட்டியும்

என் புருஷன் லண்டன் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நாவற்குடாவிலிருந்து சைக்கிளை மிதிப்பேன். செக்பொயின்றில் இறங்கி உருட்டி, டவுனில் இருந்த கொமியுனிக்கேஷன் கடைக்குப் போவேன். அங்கேதான் அவருடைய டெலிபோன் கோல் வரும். வரும்வரை வாங்கில் இருப்பேன், எழும்புவேன், வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன்.

"தங்கச்சி, நீங்க நடந்தா லண்டன் கிட்ட வந்திருமா?" என்பார் கடைக்காரர்.

என் புருஷனை அனுப்பியது நான்தான். இளம் ஆம்பிளை வீட்டில் இருந்தால், ஆமியின் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக்கொடுக்கிற எந்தத் தலையாட்டி எப்போது தலையாட்டுவான் என்று தெரியாத காலம். எங்கேயாவது போய் உயிரோடு இருங்கள் என்று, வயிற்றில் பிள்ளையோடு நின்று சண்டை பிடித்து அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு அவருடைய குரல் அரை உயிரில் வந்தது.

"தலையிடி கா. காலம்ப எழும்பினா சத்தி வாற மாதிரி வயித்தப் பிரட்டுது."

"காய்ச்சலா?"

"இல்ல. வேலைக்குப் போனாச் சரியாகிருது. வீட்ட வந்து படுத்தாத் திரும்பவும் வருது. என்னோட இருக்கிற பொடியனுக்கும் இதே கதைதான்."

பிறகு பேச்சை மாற்றினார். வீட்டுப் பொயிலர் பழசாம், திக்கித் திக்கி எரிகிறதாம். புதிது போட்டுத் தரச் சொன்னால் வீட்டுக்காரன் கேட்கிறானில்லையாம். பொயிலர் என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டமாவடி அரிசி ஆலையில் நெல் அவிக்கிற பூதம்தான்.

"வீட்டுக்குள்ள என்னத்துக்குப் பொயிலர்? நெல்லா அவிக்கிறீங்க?"

சிரித்துவிட்டு விளக்கினார். குசினிச் சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் காஸ் எரியும். சுட்ட தண்ணீர் குழாய் வழியே அறை அறையாகப் போய், அங்கே சுவரோடு நிற்கிற இரும்புப் பலகைகளைச் சூடாக்கிவிட்டு, ஆறித் திரும்பி வரும்.

"எரியிற புகை எங்கால போகும்?"

"அதுக்கொரு குழாய் இருக்கு. காத்து வரவும் சுவரில ஒரு ஓட்டை வச்சிருக்கிறானுகள். அதால குளிர் ஊசி மாதிரிக் குத்துது கா. நான் உடுக்கிற பழைய சாரன் ஒண்டச் சுருட்டி அடைச்சு விட்டிருக்கன்."

எனக்கு எங்கள் தணல்சட்டி நினைவுக்கு வந்தது. பிள்ளை பிறந்து நான் அறையில் கிடந்தபோது, பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டுமென்று அம்மா கட்டிலுக்குக் கீழே சிரட்டைத் தணல்சட்டி வைப்பாள். அந்தக் கிழமை வெளியே ஒரே வெடிச் சத்தம். விளக்கு வெளிச்சம் றோட்டுக்குத் தெரியக்கூடாதென்று யன்னலைப் பூட்டி, கூரைக்குக் கீழே இருந்த இடைவெளிக்கெல்லாம் சாக்கு அடைத்திருந்தோம். விடியும்போது எனக்கும் அம்மாவுக்கும் தலை பிளந்தது, சத்தி வேறு. பிள்ளை பால் குடிக்க வாய் திறக்கவில்லை, ஈரத்துணி மாதிரித் தொங்கியது. பிள்ளையைப் பார்க்க வந்த மருத்துவிச்சிதான் எங்களை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, "புகையில்லாத் தணலும் ஆளைக் கொல்லும்டி!" என்று ஏசினாள். காற்றுப் பட்ட பிறகுதான் பிள்ளை அழுதது.

"அந்தச் சாரன இப்பவே புடுங்குங்க!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு விசரா? குளிர்ல செத்திருவம்."

"குளிருக்குப் போர்த்திக்கலாம், இதுக்கு என்னத்தப் போர்த்துவீங்க? யன்னலத் திறந்துபோட்டுத்தான் படுப்பன் எண்டு பிள்ளட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க!"

முணுமுணுத்தபடி சத்தியம் பண்ணினார். லைன் அறுந்தது. "நீங்க போட்ட சத்தத்துக்கு லைன் என்னத்துக்குத் தங்கச்சி, நேரவே கேட்டிருக்கும்" என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆமி பாதையைப் பூட்டிவிட்டான். அதற்கடுத்த கிழமை லைன் இல்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன், அம்மாவோடு தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஆமிக்குத் தப்ப அனுப்பின மனுசனை ஒரு பழைய இரும்புப் பெட்டி கொண்டுபோகுமா என்று நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முகம் தெரியாத அந்த வீட்டுக்காரனை, தெரிந்த தமிழிலெல்லாம் ஏசித் தீர்த்தேன்.

ஒருவழியாகக் கோல் வந்தது. "நான்தான்" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

இவர் பிடுங்கிய சாரனை மற்றப் பொடியன் குளிர் தாங்காமல் திரும்ப அடைத்துவிட்டானாம். இவர் சத்தியத்துக்குப் பயந்து, தன் அறைக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்துபோட்டு நடுங்கி நடுங்கிப் படுத்திருக்கிறார். விடிய எழும்பிப் பார்த்தால், குசினிக்குப் பக்கத்து அறையில் அவன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தானாம்.

"அம்புலன்ஸ் வந்து ஒக்சிசன் குடுத்துக் கொண்டுபோச்சு. தப்பிட்டான். நானும் யன்னலப் பூட்டிப் படுத்திருந்தா, அம்புலன்ஸக் கூப்பிட ஆள் இல்ல கா."

இப்போது புதுப் பொயிலர் வந்துவிட்டது என்று, ஏதோ தானே செய்ததுபோலச் சொன்னார். அது மூச்சு எடுப்பதும் விடுவதும் வெளியேதானாம், அறைக் காற்றைத் தொடாதாம். சுவரில் ஒரு சின்னப் பெட்டியும் பூட்டியிருக்கிறார்களாம். நஞ்சுக் காற்று வந்தால் தெருவே எழும்புகிற மாதிரிக் கத்துமாம்.

"உனக்கும் ஒண்டு அனுப்புறன். நீங்களும் ராவில எல்லாத்தையும் பூட்டிப்போட்டுத்தானே படுக்கிறீங்க."

"வேணாம்" என்றேன். "ராவில அது கத்தினா ஆமி வந்திரும்."

"ஓம் கா, அதுவும் சரிதான்" என்றார்.